கையில 2 லட்சம், பங்குச் சந்தை ஒன்றும் தெரியாது. எங்கிருந்து தொடங்கிறது?

கொட்டாஞ்சேனைப் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். வயசு 27. கோட்டையில ஒரு கிளியரிங் கம்பெனியில கஸ்டம்ஸ் பேப்பர் தயாரிக்கிற வேலை. அம்மா, தம்பி, நான் மூணு பேரும் கொட்டாஞ்சேனையில வாடகை வீட்டில இருக்கிறோம்.

போன மாசம் ஒஃபிஸ் சீட்டு என் கைக்கு வந்தது. முழுசா 2 லட்சம். இவ்வளவு காசு ஒரேயடியாக என் பேரில இருக்கிறது இதுதான் முதல் தடவை. அம்மா எஃப்டியில போடச் சொல்றா. 2023 தொடக்கத்தில பக்கத்து வீட்டு ஆன்ட்டி 20 வீதத்துக்கு மேல வட்டி எடுத்தா. இப்ப பேங்கில சொல்ற வட்டி அதில பாதிகூட இல்லை. அதனால மனசு வரவில்லை.

ஒஃபிஸில எல்லாரும் ஷெயார் கதைதான். சீனியர் ஒருத்தர் பகல் சாப்பாட்டு நேரம் போனைப் பார்த்துக்கொண்டே "இன்றைக்கு 6,000 வந்தது" என்பார். அதைக் கேட்டுக் கேட்டு நானும் கொழும்புப் பங்குச் சந்தையின் ஆப்பில அடையாள அட்டையைப் படம் எடுத்துப் போட்டு ஷெயார் வைக்கிறதுக்கான சீடிஎஸ் கணக்குத் திறந்துவிட்டேன். அடுத்த நாளே புரோக்கர் கம்பெனியிலிருந்து ஒருத்தர் கோல் எடுத்தார். நல்ல மரியாதையான பேச்சு. பேசின மூணாவது நிமிஷம் ரெண்டு ஷெயார் பேர் சொல்லி, "நாளைக்கே எடுங்க மிஸ், வெள்ளிக்கிழமைக்குள்ள கூடும்" என்றார். ஒன்று 8 ரூபா, மற்றது 50 சதம். 50 சதம் என்றால் 2 லட்சத்துக்கு 4 லட்சம் ஷெயார் வருமே என்று எனக்கு ஆசை வந்தது உண்மை. ஆனால் கை நடுங்கியது, "யோசித்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

தம்பி தனியார் இன்ஸ்டிடியூட்டில டிகிரி படிக்கிறான். வாற ஜனவரியில அவனுக்கு 120,000 ஃபீஸ் கட்டவேணும், அதுவும் இந்த 2 லட்சத்திலிருந்துதான். இப்ப ஆகஸ்ட். அதுவரைக்கும் காசு சும்மாதானே கிடக்கப்போகுது, அந்த ஐந்து மாசத்துக்கு ஷெயாரில போட்டு எடுத்தால் என்ன என்பது என் எண்ணம். மாசம் ஒரு 10,000 வந்தால் வாடகைக்குப் பெரிய உதவி.

இந்தத் தொகைக்கு இது சரிவருமா? எந்த ஷெயாரில தொடங்கலாம்? ஒரே நாளில வாங்கி விக்கிறதைப் படிக்க எவ்வளவு காலம் எடுக்கும்? இன்னொன்று, பெரியம்மாவின் மகன் வெளிநாட்டுக் காசு வாங்கி விக்கிற ஒரு ஃபொரெக்ஸ் ஆப்பைக் காட்டி, நாளுக்கு 2 வீதம் வருது என்கிறான். ஷெயாரைவிட அது நல்லதா?

தெரிந்தவர்கள் தயவுசெய்து பொறுமையாகச் சொல்லுங்க. கொமர்ஸ் படிக்காத ஆள் நான்.

---

கொழும்பு 15

சிஸ்டர், உங்கட கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், மற்றது தெரிந்தவங்க சொல்லட்டும்.

நாளுக்கு 2 வீதம் என்று காட்டின ஒரு ஆப்பில 2023இல நான் 3 லட்சம் விட்டேன். முதல் ரெண்டு தடவை 5,000, 8,000 என்று எடுக்க விட்டாங்க. அந்த 13,000 கையில வந்தபடியால்தான் நான் மச்சானையும் சேர்த்தேன். பிறகு ஒருநாள் எடுக்கப் போனால், "கணக்கைச் சரிபார்க்கிறோம், இன்னும் 15 வீதம் வைப்பு வைங்க" என்று வந்தது. அதோட சரி. என் காசு போனதைவிட மச்சானின் முகத்தைப் பார்க்கிறது கஷ்டமாக இருந்தது. இன்னமும் மாசம் மாசம் அவருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

காசு போட்டுச் சேர்ந்து, மேலும் ஆள் சேரச் சேர வருமானம் வருகிற பிரமிட் திட்டம் என்றால், 1988ஆம் ஆண்டு 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில 83சி பிரிவின்படி அது குற்றம். சேர்க்கிறவரும் மாட்டுவார். தடைசெய்த திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கியே தன் இணையத்தளத்தில போட்டிருக்கு, தமிழிலும் அறிவித்தல் இருக்கு. பெரியம்மாவின் மகனோட சண்டை பிடிக்காமல் அந்தப் பட்டியலை அவருக்கு அனுப்புங்க. அவர் போட்டதை இன்றைக்கே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. எடுக்க முடிந்தால் அவர் அதிர்ஷ்டசாலி.

---

சோனகத் தெருக் கணக்குப்பிள்ளை

பிள்ளை, தம்பியின்ர 120,000ஐ இண்டைக்கே வேற கணக்குக்கு மாத்துங்கோ. மிச்சம் 80,000ஐப் பற்றித்தான் நான் கதைக்கப் போறன்.

நான் பழைய சோனகத் தெருவில ஒரு ஹாட்வெயார் மொத்தக் கடையில 26 வருசமாக் கணக்கு எழுதிறன். எங்கட கடை மேல்மாடியில 6 அங்குலப் பித்தளைப் பிணைச்சல் நாலு பெட்டி கிடக்கு. ஒவ்வொரு மார்ச் மாசமும் சரக்குக் கணக்கு எடுக்கேக்க அதுக்கும் ஒரு விலை எழுதிறன். கொப்பியில அது காசு. ஆனா அஞ்சு வருசமா அதைக் கேட்டு ஒருத்தரும் படி ஏறேல்ல. சீமெந்து காலமை இறங்கினாப் பின்னேரம் காசாகிடும். பங்குச் சந்தையிலயும் இந்த ரெண்டு வகைச் சரக்கும் இருக்கு. புதுசா வாற எல்லாரும் "எது கூடும்" எண்டுதான் கேக்கினம். "நான் விக்கப் போற அண்டைக்கு இதை ஆர் வாங்குவினம்" எண்டு கேக்கிற ஆளை நான் கண்டது குறைவு. நானும் கேக்காமத்தான் போனனான்.

2010 கடைசி. சண்டை முடிஞ்சு ஒண்டரை வருசம். 2009இல சந்தை ரெண்டு மடங்குக்கு மேல ஏறி, 2010இலயும் திரும்ப ரெண்டு மடங்குக்குக் கிட்ட ஏறின காலம். தேத்தண்ணிக் கடையில நிக்கிற, மூட்டை தூக்கிற நாட்டாமைமார்கூட ஷெயார் விலை சொன்னவை. நான் மனிசியின்ர ரெண்டு சோடி காப்பைச் செட்டியார் தெருவில அடகு வைச்சு, ஒரு சின்னக் கம்பனியின்ர ஷெயார் 4,000 வாங்கினன். 38 ரூபாப்படி 152,000. அந்தக் கம்பனி என்ன செய்யுது எண்டுகூட எனக்குச் சரியாத் தெரியாது. கூடுது எண்டு ஒருத்தர் சொன்னார், அவ்வளவுதான்.

ரெண்டு மாசத்தில 61 ரூபா. கணக்குப் போட்டா 244,000. ஒரு திங்கட்கிழமை முதலாளியிட்டச் சொல்லிப்போட்டு, மெயின் வீதியால நடந்து கோட்டைக்குப் புரோக்கரிட்டப் போனன். அப்ப அங்க பெரிய திரைக்கு முன்னால கதிரை போட்டுச் சனம் இருக்கும். ஆர் என்ன விலைக்கு வாங்க, விக்க நிக்கினம் எண்டு காட்டிற ஓடர்ப் புத்தகத்தை டீலர் பெடியன் எனக்குத் திருப்பிக் காட்டினான். வாங்கிற பக்கம் நாலே நாலு வரி. 61 ரூபாவுக்கு 200 ஷெயார். 60க்கு 300. 57க்கு 400. பிறகு ஒரேயடியா 52க்கு 500. எல்லாம் கூட்டினா 1,400. என்னட்ட இருந்தது 4,000. விக்கிற பக்கம் வரிக்கு மேல வரி, திரை நிறைய.

நான் அந்த நாலு வரியையும் பாத்துக்கொண்டு நிண்டது இப்பவும் கண்ணுக்கை நிக்குது. 61 எண்டு பேப்பரில போட்ட விலை 200 ஷெயாருக்கு மட்டுந்தான் உண்மை. 4,000த்துக்கு அது விலையே இல்லை. "இண்டைக்கு 500ஐ எண்டாலும் விப்பம் அண்ணை" எண்டு அந்தப் பெடியன் சொன்னவன். நான், நாளைக்கு ஆக்கள் வருவினம் எண்டு நினைச்சுத் திரும்பி வந்திட்டன். அடுத்த நாள் 54. அதுக்குப் பிறகு கடனுக்கு வாங்கின ஆக்களின்ர ஷெயாரைப் புரோக்கர்மார் விக்கத் தொடங்கிச்சினம், ஏனெண்டா கடனைக் குறைக்கச் சொல்லி, சந்தையை மேற்பார்க்கிற பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு இறுக்கிப்போட்டுது. 2012இல 14 ரூபாவுக்கு வித்துத் தலை முழுகினன். காப்பை மீட்க இன்னும் ரெண்டு வருசம் சம்பளத்தில இருந்து கட்டினன். மனிசி ஒரு சொல்லும் சொல்லேல்ல. அந்த ரெண்டு வருசமும் கலியாண வீடுகளுக்கு வெறுங் கையோட வந்தவ.

அதாலதான் 50 சத ஷெயார் எண்டு வாசிச்ச உடன எனக்கு நெஞ்சு பதறுது பிள்ளை. எங்கட சந்தையில அந்த விலையில ஒரு படி எண்டா 10 சதம். 50 சதம் ஒரு படி இறங்கினா 40. உங்கட காசில அஞ்சில ஒண்டு ஒரே படியில போச்சு. 50க்கு வாங்க 30 லட்சம் ஷெயாருக்கு ஆக்கள் வரிசையில நிப்பினம், 60க்கு விக்க 40 லட்சம் நிக்கும், மாசக்கணக்கா அப்பிடியே கிடக்கும். "4 லட்சம் ஷெயார்" எண்டு கேக்க நல்லாத்தான் இருக்கு. அதை வித்துப் பாக்கேக்கதான் விளங்கும்.

எந்த ஷெயார் எண்டாலும் வாங்க முதல் ஒரு கிழமைக்கு ஆப்பில அதின்ர ஓடர்ப் புத்தகத்தைப் பாருங்கோ. காலமை 9.30க்குச் சந்தை திறக்கும், பின்னேரம் 2.30க்குப் பூட்டும். சாப்பாட்டு நேரம் ஒருக்கா, பூட்ட முதல் ஒருக்காப் பாத்தாக் காணும். வாங்கிற பக்கம் எத்தினை பேர் நிக்கினம், ஒரு நாளைக்கு எத்தினை ஷெயார் கை மாறுது எண்டு ஒரு சிஆர் கொப்பியில எழுதுங்கோ. பிறகு அந்தக் கம்பனியின்ர காலாண்டு அறிக்கையை எடுங்கோ, அது பங்குச் சந்தையின்ர தளத்தில சும்மா கிடைக்கும். கடைசிப் பக்கங்களில முதல் 20 பங்குதாரர் ஆர் ஆர், பொதுமக்களிட்ட எத்தினை வீதம் இருக்கு எண்டு போட்டிருக்கும். ரெண்டு மூண்டு பேரிட்டயே 90 வீதம் இருந்தா, சந்தையில சுத்திறது மிச்சப் பத்துத்தான். அந்தப் பத்தை வைச்சு விலையை ஏத்தவும் இறக்கவும் பெரிய காசு தேவையில்லை.

இப்ப ஜனவரிக் காசு. 2020 மார்ச் 20ஆம் திகதி சந்தை பூட்டினது, மே 11 திரும்பத் திறக்கும் வரை ஏழு கிழமைக்கு மேல ஒருத்தரும் ஒரு ஷெயாரும் விக்கேலாது. 2022 ஏப்ரலில நாடு கடன் கட்டேலாது எண்டு அறிவிச்ச கையோட திரும்ப ஒரு கிழமை பூட்டிச்சினம். 25ஆம் திகதி திறந்து, விழுந்த விழுகையில அண்டைக்கே இடையில நிப்பாட்டிச்சினம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மகளின்ர ஆஸ்பத்திரிச் செலவுக் காசை ஷெயாரில வைச்சிருந்தவர். அந்த ஏப்ரல் அவர் பட்ட பாட்டை நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். நீங்கள் சீட்டுப் போட்ட ஆள், உங்களுக்கு இது லேசா விளங்கும். சீட்டில கை எந்த மாசம் வரும் எண்டு தெரியும். ஷெயாருக்கு மாசம் கிடையாது. இன்ஸ்டிடியூட் ஜனவரி எண்டா ஜனவரிதான்.

வேலை நேரம். மிச்சம் இரவு எழுதிறன்.

---

கொட்டாஞ்சேனைப் பொண்ணு

ஐயா, வேலைத்தளத்தில இருந்துகொண்டு வாசிக்கும்போது கண் கலங்கிப்போச்சு. இன்றைக்கே 120,000ஐ அம்மாவின் பேரில இருக்கிற கணக்குக்கு மாற்றிவிட்டேன். அம்மாவுக்கு நீங்கள் எழுதினதை வாசித்துக் காட்டினேன். காப்புக் கதையில நிறுத்தச் சொல்லிவிட்டு, எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, திரும்ப வாசிக்கச் சொன்னா.

அந்த 8 ரூபா ஷெயாரின் ஓடர்ப் புத்தகத்தையும் பார்த்தேன். நேற்று முழு நாளும் கை மாறினது 2,300 ஷெயார்தான். எனக்குச் சொன்னவர் 10,000 ஷெயார் வாங்கச் சொன்னார்.

80,000த்தில மாசம் 10,000 என்பது நடக்காதா? சீனியர் 6,000 எடுத்தேன் என்கிறாரே, அது எப்படி?

---

தெஹிவளை ராத்தா

தங்கச்சி, நான் ஒரு புரோக்கர் கம்பெனியில ஒன்பது வருஷம் கணக்குப் பிரிவில இருந்தேன், பிள்ளைகள் பிறந்ததும் விட்டுட்டேன். உள்ளே இருந்து பார்த்த ஆள் என்ற முறையில சிலது சொல்றேன். கணக்கர் ஐயா சொன்னது முழுக்கச் சரி.

உங்களுக்குக் கோல் எடுத்தவரைக் கெட்டவர் என்று நினைக்காதீங்க. அவருக்கு மாசம் இவ்வளவு வியாபாரம் காட்டவேணும் என்று இலக்கு இருக்கும். நீங்க வாங்கினாலும் கமிஷன், விற்றாலும் கமிஷன். நீங்க ரெண்டு வருஷம் சும்மா வைத்திருந்தால் கம்பெனிக்கு ஒன்றும் வராது. அதனால அவர் பேர் சொன்னால் "ஏன்" என்று கேளுங்க. "இந்தக் கம்பெனி போன காலாண்டில எவ்வளவு உழைத்தது" என்று கேளுங்க. பதில் வந்தால் நல்ல ஆலோசகர், வைத்துக்கொள்ளுங்க.

ஓடர் போடும்போது எப்பவும் லிமிட் விலை போடுங்க. அதாவது, "இந்த விலைக்கு மேல வேணாம்" என்று நீங்களே எழுதிக் கொடுக்கிறது. மார்க்கெட் விலை என்று போட்டால், விற்கிற பக்கம் ஆள் குறைவான ஷெயாரில உங்கட ஓடர் ஒவ்வொரு வரியாகச் சாப்பிட்டு மேலே போகும். 20 ரூபா என்று நினைத்து வாங்கினவங்க 22.40க்கு பில் வந்ததும் எங்கட கவுன்டருக்கு வந்து அழுததைப் பார்த்திருக்கேன். அதில கம்பெனியின் பிழை ஒன்றும் இல்லை, ஓடர் அப்படித்தான் போட்டிருக்கு.

காசைப் புரோக்கர் கம்பெனியின் பேரில உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் போடுங்க, தனி ஆளின் கணக்குக்கு ஒருநாளும் வேணாம். நீங்க வாங்கின ஷெயார் புரோக்கரிடம் இருக்காது, மத்திய வைப்புத் தொகுதியில, அதாவது நீங்க திறந்த அந்த சீடிஎஸ் கணக்கில, உங்கட பேரில இருக்கும். அவங்க அனுப்புகிற கணக்குக் கூற்றையும் புரோக்கர் அனுப்புகிற கொள்வனவுச் சிட்டையையும் பக்கத்தில வைத்துப் பாருங்க. விற்றால் காசு கைக்கு வாறது வியாபாரம் நடந்து ரெண்டாவது வேலை நாள். போயாவும் சனி ஞாயிறும் இடையில வந்தால் அதையும் கணக்குப் பண்ணுங்க.

ஷெயார் வாங்க மார்ஜின் என்று கடன் வசதி தருவாங்க. முதல் மூணு வருஷம் அந்தப் படிவத்தைத் தொடவே வேணாம். விலை விழும்போது உங்களிடம் கேட்காமலே விற்றுவிடுவாங்க, ஒப்பந்தத்தில அப்படித்தான் இருக்கும். 2022இல என் பழைய ஒஃபிஸ் சிநேகிதிகள், "உங்கட ஷெயாரை விற்கிறோம்" என்று வாடிக்கையாளர்களுக்குக் கோல் எடுக்க வேண்டிவந்த வாரத்தைப் பற்றி இன்னும் பேசுவாங்க.

எங்கட ஆட்கள் யாராவது இதை வாசித்தால், ஷரீஆவுக்கு ஏற்ற பங்குகளின் பட்டியல் தனியாக இருக்கு, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்க.

---

சோனகத் தெருக் கணக்குப்பிள்ளை

ராத்தா சொன்ன லிமிட் கதை பொன்னான கதை. அதைக் கொப்பியின்ர முதல் பக்கத்தில எழுதுங்கோ பிள்ளை.

இப்ப மாசம் 10,000 கணக்கு. எங்கட சந்தையில வாங்கேக்க 1.12 வீதம் போகும், விக்கேக்கயும் 1.12. அதுக்குள்ள புரோக்கருக்கு 0.64, அரசாங்கத் தீர்வை 0.30, மிச்சம் பங்குச் சந்தைக்கும் வைப்புத் தொகுதிக்கும் ஆணைக்குழுவுக்கும். 100 ரூபாவுக்கு வாங்கின ஷெயார் உங்களுக்கு 101.12 விழும். அதை 102.27க்கு வித்தாத்தான் முதல் வரும். 80,000த்தில மாசம் 10,000 எண்டா 12.5 வீதம், செலவையும் சேத்தா விலை 15 வீதத்துக்குக் கிட்டக் கூட வேணும், அதுவும் மாசாமாசம். அப்பிடி ஒரு கையை நான் இந்த 15 வருசத்தில காணேல்ல. உங்கட சீனியர் பொய் சொல்லுறார் எண்டு நான் சொல்லேல்ல. 6,000 வந்த நாளை அவர் சொல்லுறார். வராத நாளில சாப்பாட்டு மேசையில என்ன கதைக்கிறவர் எண்டு கவனியுங்கோ.

ஷெயாரில இருந்து எனக்கு உண்மையில வாறது ரெண்டு வழி. ஒண்டு பங்குலாபம், கம்பனி தன்ர லாபத்தில பங்குதாரருக்குப் பிரிச்சுத் தாற காசு. கம்பனி தரேக்க 15 வீதம் வரி கழிச்சுத்தான் கணக்கில விழும். மற்றது வருசக்கணக்கா வைச்சிருந்து விலை ஏறிறது. பட்டியலிட்ட ஷெயாரை வித்து வாற லாபத்துக்கு வரி இல்லை. அந்த ஏற்றமும் நேர்கோடு இல்லை. சந்தை முழுக்க ஏறினதோ இறங்கினதோ எண்டு காட்டிற அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2021 முடிவில 12,226. ஒரு வருசம் கழிச்சு 8,489. 2024 முடிவில 15,944. 2022இல பயந்து வித்தவை அந்த நட்டத்தைக் கையில எடுத்தவை. நான் விக்கேல்ல. எனக்குத் துணிவு கூட எண்டு நினைக்காதேங்கோ. அந்தக் காசுக்கு ஒரு தவணையும் இருக்கேல்ல, கேட்டு வர ஆளும் இல்லை. அதால இருக்க முடிஞ்சுது.

2022இல ஏன் விழுந்தது எண்டதையும் விளங்கி வையுங்கோ, திரும்ப உதவும். அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்கக் குடுக்கிற திறைசேரி உண்டியலுக்கு வட்டி 30 வீதத்துக்கு மேல போச்சு. அரசாங்கமே 30 தரேக்க, 5 வீதம் பங்குலாபம் தாற ஷெயாரை ஆர் வைச்சிருப்பினம்? வட்டி இறங்கத் தொடங்க, காசு திரும்ப ஷெயார்ப் பக்கம் வந்தது. வழக்கமா ஒவ்வொரு புதன்கிழமையும் மத்திய வங்கி உண்டியல் ஏலம் நடத்தும். அண்டைக்குப் பின்னேரம் அந்த வட்டியைக் கொப்பியில எழுதுங்கோ. ஷெயார்க் குழுக்களில வாற நூறு செய்தியிலயும் பாக்க அந்த ஒரு இலக்கம் கூடச் சொல்லும்.

எதில தொடங்கிறது எண்டா, பேர் சொல்லி "இதை வாங்கு" எண்டு நான் சொல்லமாட்டன், அது எனக்கு அனுமதி இல்லாத தொழில். என்ன மாதிரிப் பாக்கிறது எண்டு சொல்லுறன். முந்நூறுக்குக் கிட்டக் கம்பனி இருக்கு. எஸ் அண்ட் பி எஸ்எல் 20 எண்ட சுட்டெண்ணில இருக்கிற இருபதைப் பாருங்கோ. அது பெரிய, நல்லாக் கை மாறிற ஷெயார்களைப் பாத்து எடுக்கிற பட்டியல், எங்கட சீமெந்து மூட்டை மாதிரி. வங்கிகள் சிலதில ரெண்டு வகை இருக்கும், கொமர்ஷல், ஹற்றன் நஷனல், செலான் மாதிரி. ஷெயாரின்ர குறியீட்டில புள்ளிக்குப் பிறகு என் (N) எண்டு வாறது வாக்குரிமை உள்ளது, எக்ஸ் (X) எண்டு வாறது வாக்குரிமை இல்லாதது. எக்ஸ் அநேகமா விலை குறைவு, பங்குலாபம் எண்டா ரெண்டுக்கும் ஒண்டுதான். உங்களுக்கும் எனக்கும் அந்த வாக்கால என்ன ஆகப் போகுது? ஆனா எக்ஸ் குறைவாத்தான் கை மாறும், அதையும் கொப்பியில பாத்துத்தான்.

80,000த்தை ஒரே நாளில போடாதேங்கோ. ஒரு 30,000, பிறகு ஒரு ரெண்டு மூண்டு மாசம் பாத்து இன்னொண்டு. அந்த முதல் 30,000 உங்கட ரியூசன் காசு எண்டு வையுங்கோ. தம்பியின்ர காசுக்கு அம்மா சொன்னதுதான் சரி. அனுமதி பெற்ற வங்கி எண்டா ஒருத்தருக்கு 11 லட்சம் வரை வைப்புக் காப்புறுதி இருக்கு. வட்டி குறைவு எண்டாலும் ஜனவரியில காசு அங்க இருக்கும்.

---

கொட்டாஞ்சேனைப் பொண்ணு

ஏழு கிழமை கழித்து வாறேன், மன்னிச்சுக்கொள்ளுங்க. சும்மா இருக்கவில்லை. கொப்பி எழுதினேன். ஐந்து ஷெயாரைத் தெரிவு செய்து, ஒவ்வொரு நாளும் பகல் 12.30க்கும் 2.15க்கும் வாங்கிற பக்கத்து வரிகளை எழுதினேன். ரெண்டாவது கிழமையே மூன்றை வெட்டிவிட்டேன், வாங்க ஆளே இல்லை. ஒஃபிஸில இருக்கிறவங்க கொப்பியைப் பார்த்து, கஸ்டம்ஸ் டியூட்டி கணக்கு என்று நினைத்துக்கொண்டாங்க.

முந்தநாள் ஒரு வங்கியின் எக்ஸ் ஷெயார் 200 வாங்கினேன். 148.50 லிமிட் போட்டேன். முதல் நாள் கிடைக்கவில்லை. ரெண்டாவது நாள் 149.25 வரைக்கும் போய்விட்டது, கூட்டிப் போடுவமா என்று விரல் பட்டனுக்குப் போய்த் திரும்பியது. மூணாவது நாள் 1.40 போல போன் அதிர்ந்தது. பார்த்தால் 200உம் கிடைத்திருக்கு. சிட்டை வருவதற்கு முதலே பென்சிலால கணக்குப் போட்டேன். 29,700, அதில 1.12 வீதம் 332.64, மொத்தம் 30,032.64. சிட்டையிலும் அதே 64 சதம். அம்மாவிடம் ரெண்டையும் காட்டினேன்.

புரோக்கர் ஆலோசகர் திரும்பக் கோல் எடுத்தார். போன காலாண்டில அந்த 8 ரூபா கம்பெனி எவ்வளவு உழைத்தது என்று கேட்டேன். பார்த்துச் சொல்றேன் என்றார். இன்னும் எடுக்கவில்லை. அந்த ஷெயார் இப்ப 6.90.

பெரியம்மாவின் மகன் போட்டதில பாதி வந்தது. மிச்சம் பாதிக்கு ஏதோ கட்டணம் கட்டச் சொல்றாங்களாம். கட்டவேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஐயா, இனி நான் என்ன பார்க்கவேணும்? ஒவ்வொரு நாளும் விலையைப் பார்த்தால் வேலை ஓடவில்லை.

---

சோனகத் தெருக் கணக்குப்பிள்ளை

64 சதம் வரைக்கும் ஒத்து வந்திருக்கு எண்டா என்ர சந்தோசம் சொல்லேலாது பிள்ளை.

இனி விலையை வெள்ளிக்கிழமை ஒருக்காப் பாத்தாக் காணும். செப்டெம்பரோட முடிஞ்ச காலாண்டின்ர அறிக்கையை 45 நாளுக்குள்ள போட வேணும், அதால நவம்பர் நடுப்பகுதிக்குள்ள அந்த வங்கியின்ர கணக்கு வந்திடும். வாராக்கடனுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கினம், அது போன வருசம் இதே காலாண்டோட பாக்கக் கூடவோ குறைவோ எண்டு பாக்க வேணும். முதல் தடவை வாசிக்கத் தலை சுத்தும். வந்த உடன இங்க போடுங்கோ. கடைசிப் பக்கத்தில இருக்கிற அந்த 20 பேரில இருந்து தொடங்கி, முன்னுக்கு வந்து வாசிப்பம்.